வலை வீசும் வகுப்பு

கைப்பேசியைத் திறந்தாலே தம்பதி ஆலோசனை விளம்பரம்: கணவன் மனைவி பிணக்கா? உடல், மனம், ஆன்மா மூன்றுக்கும் சேர்த்து ஒரே கட்டணம். மூச்சைக் கவனிக்க வேண்டும். சக்கரங்களைச் சுத்தம் செய்ய வேண்டும். எதிரெதிரே உட்கார்ந்து பத்து நிமிடம் கண்ணோடு கண் பார்க்க வேண்டும். விடிய விடியக் கடலில் கிடந்துவிட்டு வாலிநோக்கம் கடற்கரையில் ஏறிய மீனவரைப் பத்து நிமிடம் கண்ணைத் திறந்து வைத்திருக்கச் சொல்வது கொஞ்சம் அதிகம்தான்.

இந்தக் கரைக்கு இதெல்லாம் புதிதுமல்ல. திருவிளையாடற் புராணத்தின் வலை வீசின படலமே கணவன் மனைவி பிணக்குதான். சிவன் வேதப்பொருள் சொல்கிறார். உமைக்குக் கவனம் எங்கோ. உடனே சாபம், போய் மீனவப் பெண்ணாகப் பிற என்று. (உபதேசம் எவ்வளவு நேரம் நீண்டது என்று யாரும் கேட்பதில்லை.) அப்புறம் அவரே வலையோடு இறங்கி வந்து, ஊரை மிரட்டிய சுறாவைப் பிடித்துக் கொடுத்துப் பெண்ணைக் கட்டுகிறார். சுறாவாக வந்தது சொந்த ஆள் நந்தி என்பதைப் பெண்வீட்டார் விசாரிக்கவில்லை. பக்கத்து மாரியூர்க் கோயிலில் சித்திரைப் பௌர்ணமிக்கு இதை நடத்தியே காட்டுகிறார்கள்.

நம் ஆலோசகர்கள் முதல் பாதியை மட்டும் பாடத்திட்டத்தில் எடுத்துக்கொண்டார்கள்: புருஷன் பேச, பெண்டாட்டி கேட்க. வலை வீசும் வகுப்புக்கு இன்னும் சேர்க்கை தொடங்கவில்லை.