கீறல் ஜோசியர்

அமெரிக்காவில் எந்த ஊர் நாணயக் கண்காட்சிக்குப் போனாலும் இவரைப் பார்க்கலாம். கழுத்துக் கயிற்றில் லென்ஸ், கக்கத்தில் விலைப் புத்தகம், வயது அறுபதுக்கு மேல். மேஜை விளக்கடியில் 1908-ஆம் வருஷத்து 20 டாலர் தங்கக் காசைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருப்பார். காசில் சுதந்திர தேவி தீப்பந்தம் ஏந்தி எதிரே நடந்து வருகிறாள். சிற்பி செயின்ட் காடன்ஸின் கைவண்ணம். இவருக்கு அந்த அழகெல்லாம் அப்புறம். தேவியின் முழங்காலில் சிராய்ப்பு இருக்கிறதா என்பதுதான் முதல் கவலை.

காசின் எடை 33.4 கிராம், நம் கணக்கில் நாலு பவுனுக்குக் கொஞ்சம் மேலே. பத்தில் ஒன்பது பங்கு தங்கம். "உருக்கினா என்ன தேறும்?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். ஐம்பொன் சிலையைப் பழைய இரும்புக் கடையில் போடச் சொன்ன மாதிரி முறைப்பார். இவருக்கு மதிப்பு தங்கத்தில் இல்லை, கீறல் இல்லாததில்தான். ஷெல்டன் என்பவர் 1949-ல் வெளியிட்ட அளவுகோலில் 1 முதல் 70 வரை மார்க். 65-க்கும் 66-க்கும் உள்ள வித்தியாசம் வெறுங்கண்ணுக்குத் தெரியாது. பர்ஸுக்கு நன்றாகவே தெரியும்.

காலையில் வாங்கும்போது, "கன்னத்துல உரசல், விளிம்புல அடி. இதுக்கு 63 போட்டதே தர்மம்" என்பார். மத்தியானம் அதே காசை அடுத்த மேஜையில் விற்கும்போது, "இந்த மினுமினுப்பைப் பாருங்க! 65 வரவேண்டியது. மார்க் போட்டவர் கண்ணாடியை வீட்டுல மறந்திருப்பார்" என்பார். போணியாகாவிட்டால், மார்க் போட்டுக் காசை மூடி வைத்த பிளாஸ்டிக் பெட்டியை உடைத்து, காசை மறுபடி மதிப்பீட்டுக்கு அனுப்புவார்.

அன்பு மிகுதியில் யாராவது காசைத் துடைத்துப் பளபளவென்று வைத்துவிட்டால் போச்சு. துடைத்த காசுக்கு மார்க்கே கிடையாது, 'சுத்தம் செய்யப்பட்டது' என்ற அவப்பெயர்தான். அதனால் இவர் வீட்டில் பீரோவைத் தூசு தட்டவும் தடை.

1933 பற்றிப் பேச்செடுத்தால் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வார். அந்த வருஷம் அடித்த 20 டாலர் காசுகள் 4,45,500. ஜனாதிபதி ரூஸ்வெல்ட் மக்களிடமிருந்து தங்கத்தைத் திரும்ப வாங்கிய காலம்; காசுகளைப் புழக்கத்தில் விடாமல் அநேகமாக முழுவதையும் உருக்கிவிட்டார்கள். தனியார் வைத்துக்கொள்ள அரசு அனுமதித்தது ஒன்றே ஒன்று. 2021-ல் அது ஏலத்தில் சுமார் 1.89 கோடி டாலருக்குப் போனது.

கேட்டவர்கள் வாயைப் பிளப்பார்கள். இவர் உதட்டைப் பிதுக்குவார்: "என்ன போயி என்ன? அதுக்கும் 65தான்!"