நாய்க்கு எதற்கு எதுகை?

விடிகாலை 3:30 மணிக்கு எழுத உட்கார்ந்த கட்டுரையில் நடுநிலைமையை எதிர்பார்க்காதீர்கள். மேட்டுப்பாளையத்தில் அந்நேரத்துக்கு விழித்திருக்க நியாயமான காரணம் உள்ளவர்கள் உருளைக்கிழங்கு மண்டியில் மூட்டை இறக்குகிறவர்கள்தான். மற்றவர்கள் விழித்திருப்பதெல்லாம், “ஒண்டியா இருந்தா ஏங்கிப் போயிருமுங்க” என்று யாரோ ஒரே ஈத்துக் குட்டிகள் இரண்டைத் தூக்கி வந்த புண்ணியத்தால். கூடப்பிறந்த இரண்டு குட்டிகளை ஒரே சமயத்தில் வளர்ப்பவர் நாய் வளர்ப்பதே இல்லை என்பது என் கட்சி. அவை ஒன்றையொன்று வளர்த்துக்கொள்கின்றன. அவர் சோறு வைக்கிறார். இதற்கு மூன்று காரணங்கள் உண்டு.

முதல் காரணம் பெயர். சோடிக் குட்டி வந்த வீட்டில் தடுப்பூசிக்கு முன்னால் நடப்பது பெயர்ப் பொருத்தம். அமிதசாகரர் யாப்பருங்கலக் காரிகையில் செய்யுளுக்கு வகுத்த தொடைகளை நம் ஆட்கள் நாய்க்குக் கட்டிவிடுகிறார்கள். மணி, மல்லி என்று வைத்தால் மோனை. “ம” என்று வாயைத் திறந்ததுமே இரண்டும் வந்து நிற்கும். ராமு, சோமு என்றால் எதுகை. டிங்கு, பிங்கு என்றால் எதுகையோடு இயைபும் இலவசம். முரண் தொடை கொஞ்சம் தேவலாம், ஒன்று கருப்பன், மற்றது வெள்ளையன். ஆனால் இரண்டுமே செவலையாகப் பிறந்திருக்கும். ராத்திரி பத்து மணிக்கு மொட்டை மாடியிலிருந்து “டிங்கூஉஉ” என்று கேட்பது அளபெடை. ஒரே சொல்லால் அடி முழுக்க நிரப்புவது இரட்டைத் தொடை: “டிங்கு டிங்கு டிங்கு டிங்கு”, அதாவது வாசல் கேட் திறந்து கிடக்கிறது. டிங்கு குரைத்து முடிக்கிற இடத்தில் பிங்கு தொடங்குவதும், பிங்கு முடிக்கிற இடத்தில் டிங்கு தொடங்குவதும் அந்தாதி. புலவர்கள் நூறு பாட்டோடு நிறுத்திக்கொண்டார்கள், இவை நிறுத்துவதில்லை. இத்தனை இலக்கணத்துக்கும் நடுவே குட்டிக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்று: கூப்பிட்டது என்னையா, அவனையா? “பிங்கு, செருப்பை விடு” என்று அதட்டினால் டிங்கு தான் கடிக்காத செருப்புக்காகத் தலை குனிகிறது. பிங்கு வாரைத் தின்று முடித்து அடிப்பாகத்துக்கு வந்திருக்கிறது. எந்தத் தொடையும் அமையாத செந்தொடை என்று ஒன்று காரிகையிலேயே இருக்கிறது. அதை ஏறெடுத்துப் பார்க்க ஆளில்லை.

இரண்டாவது, வயது. ஏறக்குறைய மூன்றாவது வாரத்திலிருந்து பன்னிரண்டாவது வாரம் வரைதான் குட்டிக்கு மனிதரோடு ஒட்டுகிற பசை ஈரமாக இருக்கும். 1961இல் அமெரிக்காவில் ஃப்ரீட்மன், கிங், எலியட் என்ற மூவர் வெளியிட்ட ஆய்வில், வேலி போட்ட வெளியில் தாயோடும் கூடப்பிறந்தவற்றோடும் குட்டிகளை மனித வாடையே இல்லாமல் விட்டார்கள். பதினான்கு வாரம் அப்படியே கிடந்தவை ஆளைக் கண்டால் மிரண்டன. அண்ணன் தம்பிக்கு அங்கே பஞ்சமில்லை என்பதைக் கவனிக்கவும். “வீட்லதான் நாங்க இருக்கோமுங்களே” என்பீர்கள். இருக்கிறீர்கள்; நாள் முழுக்கக் காதைக் கடிக்கக் கொடுக்கிற தம்பியோடு, சாயங்காலம் பத்து நிமிஷம் “உட்காரு” சொல்லிவிட்டுப் போகிற நீங்கள் போட்டி போடுகிறீர்கள். பாடம் என்பது கல்லாறு தாண்டி மலை ரயில் ஏறுகிற மாதிரி, பல் பல்லாகக் கடித்துத்தான் ஏறும். காட்டு யானையைப் பிடித்து லாரியில் ஏற்றும்போதுகூட, வனத்துறை அந்த ஒரு யானைக்கு இரண்டு பக்கமும் பழகிய கும்கிகளை நிறுத்துகிறது. பழகாத இரண்டுக்கு நடுவே ஒற்றை ஆளாகப் போய் நிற்கும் துணிச்சல் நாய் வாங்குகிறவர்களுக்குத்தான் வருகிறது.

“அந்தக் காலத்துல ஆட்டுப்பட்டிக்கு நாலு நாய் கிடந்துச்சே” என்பது அடுத்த வாதம். கிடந்தன, நாலும் வெவ்வேறு வயதில். கிழட்டு நாய் பார்த்துச் செய்ததைக் குட்டி பார்த்துக் கற்றது. 2023இல் ஆஸ்கர் வாங்கிய தெப்பக்காட்டு யானைப் படத்திலும், குட்டி யானை அம்மு வந்தபோது முதலில் வந்த ரகு வளர்ந்த பையன். பார்த்துக்கொள்ள பொம்மன், பெள்ளி என்று இரண்டு பேர் வேறு. சோடிக் குட்டிகளின் கோளாறுக்கு ஆங்கிலத்தில் ஒரு நோய்ப் பெயர் சுற்றுகிறது. அது கால்நடை மருத்துவம் உறுதிசெய்த நோய் அல்ல, எல்லாச் சோடியும் கெட்டுப் போவதுமில்லை. ஒப்புக்கொள்கிறேன். தனித்தனியாகப் படுக்கவைத்து, தனித்தனியாக நடத்திக் கூட்டிப்போய், தனித்தனியாகப் பாடம் சொன்னால் நன்றாகவே வளரும். ஆனால் அதற்கு நேரம் இருக்கிறவர் ஒன்றோடு நிறுத்தியிருப்பார்; துணைக்கு இன்னொன்று என்று வாங்கியதே நேரம் இல்லாததால்தானே? மலையடிவாரத்தில் மட்டும் எடுபடுகிற வாதம் ஒன்று பாக்கி: “சிறுத்தை வருதுங்க, ஒண்ணு போனாலும் ஒண்ணு இருக்கும்.” இதற்கு என்னிடம் பதில் இல்லை. டிங்குவிடம் இருக்கலாம்.

மூன்றாவது காரணம்தான் முக்கியமானது. ஆனால் அந்தாதியில் அடுத்த பாட்டு தொடங்கிவிட்டது. இரண்டாவது குட்டி வாங்கியே தீருவதென்றால் முதலாவதுக்கு ஒரு வயசு ஆகட்டுமுங்க. பெயரைச் செந்தொடையில் வையுங்க.