கலியாணசுந்தரம் என்றொரு தலைவலி

செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போனால், ஊருக்குள் நுழையுமுன் ஒரு பாலம் வரும். கீழே சோம்பிக் கிடப்பது பக்கிங்காம் கால்வாய். 1877-78 பஞ்சத்தில் நிவாரணக் கூலிகளை வைத்துச் சென்னைக்குள் விட்டுப்போன துண்டை வெட்டி இணைத்தார்கள். வெட்டியவனுக்குக் கஞ்சி, கவர்னர் பக்கிங்காம் பிரபுவுக்குப் பெயர். பிரபுவுக்கு ஒரு கால்வாய் போதவில்லை. பெரம்பூர்ப் பக்கம் பின்னி கம்பெனியின் மில்லுக்கும் அவர் பெயரே.

அந்த மில்லுக்குத் தலைவலியாக, 1883-இல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்துத் துள்ளத்தில் ஒரு பிள்ளை பிறந்தது. பெயர் கலியாணசுந்தரம். பிற்பாடு திரு.வி.க.

பையன் உருப்படும் அறிகுறி எதையும் காட்டவில்லை. வள்ளலார் பாட்டு அருட்பாவா மருட்பாவா என்று ஊரே கோர்ட்டில் மல்லுக்கட்டிய காலம். ஆசிரியர் கதிரைவேற்பிள்ளைக்குச் சாட்சி சொல்லப் போனார். அன்று நடந்த பள்ளி இறுதித் தேர்வு போயிற்று. ஸ்பென்சர் கம்பெனியில் வேலை கிடைத்தது. திலகர் பைத்தியம் பிடித்து அதுவும் போயிற்று. வெள்ளைக்காரனிடம் சம்பளம் வாங்கிக்கொண்டே அவனைத் துரத்தப் பார்த்தால் எந்த முதலாளிதான் பொறுப்பான்?

1918 ஏப்ரல் 27. சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. அதற்கு வித்து விழுந்த இடம் பெரம்பூரில் செல்வபதி செட்டியார் நடத்திய பஜனை சபை! பெருமாளைக் கும்பிட வந்த மில்காரர்கள், சாப்பாட்டு இடைவேளை போதவில்லை, மேஸ்திரி அடிக்கிறான் என்று அழுதார்கள். பெருமாள் வாய் திறக்கவில்லை. பார்சிக்காரர் வாடியாவும் திரு.வி.க.வும் திறந்தார்கள். சிவப்புக் கொடி புரட்சியெல்லாம் பிறகுதான். நம்மூரில் தொழிற்சங்கம் சுண்டல் வாசனையோடுதான் தொடங்கியது.

1921-இல் பின்னி மில் வேலைநிறுத்தத்தின்போது கவர்னர் வில்லிங்டன் பிரபு திரு.வி.க.வைக் கூப்பிட்டு, நாடு கடத்திவிடுவேன் என்று மிரட்டினார். தடுத்தவர் யார் தெரியுமா? ‘தேசபக்தன்’ பத்திரிகையில் திரு.வி.க. ஓயாமல் வறுத்தெடுத்த நீதிக்கட்சியின் தலைவர் சர் பிட்டி தியாகராயர். அரசியல் எதிரி என்றால் அப்படி ஒருவர் வாய்க்க வேண்டும். இன்றைக்கென்றால் கப்பல் டிக்கெட்டை எதிரியே எடுத்துக் கொடுத்திருப்பார்.

வெள்ளைக்காரன் மிரட்டியதோடு சரி. செய்து காட்டியவர்கள் நம்மவர்கள்தான். 1947, விடுதலை வாசலில் நிற்கிறது. மாகாணத்தில் காங்கிரஸ் ஆட்சி, முதலமைச்சர் ஓமந்தூரார். மறுபடி பின்னி மில்லில் வேலைநிறுத்தம். 1926-இல் தமிழ்நாட்டுக் காங்கிரசுக்கே தலைவராக இருந்த மனிதருக்கு, அறுபது வயது தாண்டிய பிறகு, வீட்டுக்காவல்! சொந்தமாக வீடே இல்லாத ஆசாமிக்கு வீட்டுக்காவல். காவலுக்குப் போலீஸ் வந்தது. வாடகை கட்ட யாரும் வந்ததாகத் தெரியவில்லை.