அடித்தது யார்?

அறுபதைத் தாண்டிய ஆணின் புறங்கையில் கத்திரிக்காய் நிறத்தில் ஒரு திட்டு தெரிந்தால், நம்மூரில் முதல் சந்தேகம் அவன் மனைவி மேல்தான். கல்யாணப் பந்தியில் சாம்பாருக்குக் குழி பறித்துக்கொண்டிருந்தேன். பக்கத்து இலைக்காரர் என் கையைப் பார்த்தார். பிறகு எதிர்வரிசையில் இருந்த என் மனைவியைப் பார்த்தார். "வீட்ல எல்லாம் சுமுகம்தானே சார்?" என்றார். எதிர்வரிசையில் ஒரு அப்பளம் நொறுங்கியது.

அப்புறம் ஆளுக்கொரு வைத்தியம். டெங்கு பயத்தில் இருந்த மாடிவீட்டம்மா பப்பாளி இலைச் சாறு அரைத்தே கொண்டுவந்துவிட்டார். அதன் கசப்புக்கு இன்னும் பெயர் வைக்கப்படவில்லை. மச்சினன் குரலைத் தாழ்த்தி, "அத்தான், லிவர் எல்லாம் நல்லாத்தானே இருக்கு?" என்றான். ரத்தத்தை உறையவைக்கும் பொருள்களில் பெரும்பாலானவற்றைக் கல்லீரல்தான் தயாரிக்கிறது, ஆகவே கேள்வியில் தப்பில்லை. கேட்டுவிட்டு என் அலமாரியைப் பார்த்தான் பாருங்கள், அதுதான் தப்பு.

டாக்டர் கையை அரை நொடிதான் பார்த்தார். "மாத்திரை டப்பாவைக் காட்டுங்க." ஸ்டென்ட் வைத்த நாள் முதல் தின்றுவரும் ஆஸ்பிரின் 75 மில்லிகிராம் அதில் முதல் ஆளாக உட்கார்ந்திருந்தது. அது தொட்ட பிளேட்லெட் என்னும் ரத்தத் தட்டணு, தன் ஆயுள் முடியும்வரை, அதாவது சுமார் பத்து நாள், ஒழுங்காக ஒட்டாதாம். இழுப்புக்கு அவ்வப்போது விழுங்கும் ஸ்டீராய்டு தோலை மெலியவைக்கிறது. மிச்சத்தை வயதும் வெயிலும் பார்த்துக்கொள்கின்றன. குட்டி நாளங்களைத் தாங்கும் கொலாஜன் தேய்ந்துபோனால், பீரோ கதவு லேசாக உரசினாலே உள்ளே ரத்தம் கசியும். இளவட்டங்களின் ரத்தக்கட்டு ஊதா, பச்சை, மஞ்சள் என்று கட்சி மாறும். எங்களுடையது கடைசிவரை ஒரே கட்சி, போகும்போது பழுப்புக் கறையை விட்டுப்போகும்.

"அப்ப ஆஸ்பிரினை நிறுத்திடவா?"

"நீங்களா நிறுத்தினா, அடுத்து நாம ஐ.சி.யூ.வுலதான் பேசணும்."

பிறகு அவர் சிரிக்காமல் கேட்டவை: ஈறிலோ மூக்கிலோ ரத்தம் வருகிறதா, மலம் கருப்பாகப் போகிறதா, இடிபடாத முதுகிலும் வயிற்றிலும் திட்டு உண்டா, காலில் சிவப்புப் புள்ளிகள் உண்டா? ஒன்றுக்கு ஆமாம் என்றாலும் தட்டணுக் குறைவு, ரத்தப் புற்றுநோய் வரை தேட வேண்டியிருக்குமாம். எல்லாவற்றுக்கும் இல்லை என்றேன். ரத்தப் பரிசோதனையில் தட்டணு இரண்டு லட்சத்துக்குச் சற்று மேல். ஒன்றரை லட்சத்திலிருந்து நாலரை லட்சம்வரை இருக்கலாம் என்பதால் பாஸ். வெயிலில் போனால் முழுக்கைச் சட்டை, அவ்வளவுதான் மருந்து.

1818-லேயே லண்டன் தோல் மருத்துவர் ஒருவர் இந்தத் திட்டுகளைப் பற்றி எழுதிவைத்ததால், அவர் பெயரில் 'பேட்மேன் பர்ப்யூரா' என்றும் சொல்வார்களாம். வீட்டில் இதை வாய்விட்டுச் சொன்னது பேரன் காதில் விழுந்துவிட்டது. மாலையில் அவன் சிநேகிதர்கள் என் கையைப் பார்க்க வரிசையில் நின்றார்கள். ஒரு பொடியன் மட்டும் நம்பாமல் வாசலை எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டான்:

"தாத்தா, கார் எங்க?"