ஏழு வேஷம், 450 பேர்

ஒரு தேவதைக் கதைக்கு எத்தனை பேர் வேண்டும்? ஒரு ராஜகுமாரி, ஒரு சித்தி, ஓர் இளவரசன். காடு வந்தால் கூடவே ஓர் ஓநாய். கிரிம் சகோதரர்கள் சிக்கனமாக எழுதிவிட்டார்கள். பெற்றோர் சங்கத்துக்குப் பதில் சொல்லும் நிலைமை அவர்களுக்கு வரவில்லை.

அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்து மிசூலா சிறுவர் நாடகக் குழுவுக்கு வந்தது. 1970களின் தொடக்கத்தில் ‘ஸ்னோ ஒயிட்’ நாடகத்தோடு அவர்கள் மைல்ஸ் சிட்டிக்குக் கிளம்பினார்கள். ஏழு குள்ளர்களையும் ஏற்றிப்போக வண்டிச் செலவு எதற்கு, அங்கேயே பொறுக்கிக்கொள்ளலாம் என்று தேர்வு வைத்தார்கள். வந்து நின்ற பிள்ளைகள் 450 பேர். ஏழு பேர் குள்ளர்கள் ஆனார்கள்; மற்ற 443 பேரின் அம்மாக்கள் சூனியக்காரியை அன்றே மன்னித்திருப்பார்கள்.

குழு பாடம் கற்றுக்கொண்டது. இப்போது இரண்டு இயக்குநர்கள் மேடைச் சாமானையும் உடுப்புகளையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போகிறார்கள். திங்கட்கிழமை தேர்வு, வாரக்கடைசியில் பாட்டும் ஆட்டமுமாக அரங்கேற்றம். உள்ளூர்ப் பிள்ளைகள் 50, 60 பேருக்கு வேஷம் உண்டு.

கலைநோக்கம் இருக்கட்டும், கணக்கைப் பாருங்கள். 60 பிள்ளைகள், தலைக்கு இரண்டு பெற்றோர், நான்கு தாத்தா பாட்டி. விளம்பரமே இல்லாமல் 360 இருக்கை நிறைந்துவிடும். கதை யாருக்கும் புரிய வேண்டியதில்லை. தன் பிள்ளை எந்தப் பக்கமாக மேடைக்கு வருவான் என்று தெரிந்தால் போதும். விமர்சகர் வந்தாலும் பயமில்லை. அவருக்கு உட்கார இடம் இருக்காது.