கேட்டுக்கு உள்ளே நல்ல சாலை

உகாண்டாவின் தலைநகர் கம்பாலாவில் முயெங்கா என்று ஒரு குன்று. உச்சியில் குடிநீர்த் தொட்டிகள் இருப்பதால் ‘டாங்க் ஹில்’ என்றும் சொல்வார்கள். விக்டோரியா ஏரியைப் பார்த்தபடி பங்களாக்கள், மின்வேலி போட்ட மதில்கள், வாசலில் துப்பாக்கியோடு காவலாளிகள். இத்தனை இருந்தும் ஊர்க்காரர்கள் இதைப் ‘பணக்காரர்களின் குடிசைப்பகுதி’ என்றுதான் கேலி செய்கிறார்கள். காரணம் தெரு. தார் கண்ட இடம் கொஞ்சம், குழி கண்ட இடம் அதிகம், அகலமோ இரண்டுக்கும் போதாது. எதிரெதிரே இரண்டு லேண்ட் குரூஸர்கள் வந்தால் யார் ரிவர்ஸ் எடுப்பது என்பதை அந்தஸ்தை வைத்துத்தான் தீர்மானிக்க வேண்டும். அந்தஸ்தும் சமமென்றால் இருவருக்கும் அன்றைக்கு ஆபீஸ் கிடையாது. இவ்வளவு பணம் இருந்தும் ரோடு இப்படியா என்று பார்க்கிறவர்கள் எல்லாரும் வியக்கிறார்கள். வியக்க ஒன்றுமில்லை. பணம் இருப்பதால்தான் ரோடு இப்படி.

அரசாங்கம் செய்யத் தவறுகிற ஒவ்வொன்றுக்கும் வசதிபடைத்தவர் தனியாக ஒரு வழி வைத்திருக்கிறார். கரண்ட் போனால் ஜெனரேட்டர், குழாயில் தண்ணீர் வராவிட்டால் சொந்தத் தொட்டி, திருட்டு பயமா, காவலாளி. பிள்ளைகளுக்கு இன்டர்நேஷனல் பள்ளி, நெஞ்சுவலிக்கு இந்தியாவுக்கு விமானம். சாலையை மட்டும் இப்படித் தனியாக வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ள முடியாது. அதற்குப் பக்கத்து வீட்டுக்காரர் வேண்டும், எதிர்வீட்டுக்காரர் வேண்டும், மாநகர நிர்வாகம் வேண்டும், நான்கு பேரோடு பேசவும் வேண்டும். அதைவிடச் சாலையே தேவைப்படாத ஒரு வண்டியை வாங்கிவிடுவது சுலபம். ஜப்பானிலிருந்து பழைய வண்டியாக வந்து இறங்குகிற அந்த உயரமான நான்கு சக்கர டிரைவ் வண்டிகள் வேறென்ன? சொந்த ஸ்பிரிங்கில் சொந்தச் சாலை! குழியில் இறங்கி ஏறும்போது உள்ளே இருப்பவருக்கு லேசாக ஒரு தாலாட்டு, அவ்வளவுதான். பின்னாலேயே வருகிற ‘போடா போடா’ எனப்படும் வாடகை மோட்டார் சைக்கிள்காரருக்கும் அவர் முதுகைப் பிடித்துக்கொண்டிருக்கும் பயணிக்கும்தான் அது குழி. கத்தினால் காரியம் நடக்கக்கூடிய மனிதருக்கு வலிக்கவில்லை. வலிக்கிறவர் கத்தினால் யார் காதிலும் விழுவதில்லை.

குழி எப்படிப் பிறக்கிறது என்பதையும் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். பங்களாவின் கேட்டைத் திறந்தால் உள்ளே சுவரிலிருந்து சுவர் வரை சிமென்ட் பிளாக் பதித்திருக்கும். ஒரு புல்லுக்குக்கூட இடமிருக்காது. அந்த முற்றத்தில் விழுகிற மழை மண்ணில் இறங்க வழியில்லாமல், மதிலின் அடியில் விட்டிருக்கும் பிளாஸ்டிக் குழாய் வழியாகத் தெருவுக்கு வந்துவிடும். ஒரு வீட்டுக்கு ஒரு குழாய் என்றால் வரிசையாக எத்தனை குழாய்! தெருவோ செம்மண்ணைக் கொட்டி இறுக்கியது, அதுவும் சரிவில். கம்பாலாவுக்கு மார்ச்சிலிருந்து ஒரு மழைக்காலம், செப்டம்பரிலிருந்து இன்னொன்று. அந்த மண் எத்தனை நாள் தாங்கும்? கரைந்து, அடிவாரத்து நமுவோங்கோவின் நிஜக் குடிசைகளை நோக்கிப் போகிறது. மழை விட்டதும், அடுத்த பங்களா கட்டுகிற இடத்திலிருந்து உடைந்த செங்கல்லும் டைல்ஸ் துண்டும் வந்து குழியில் விழும். ஆக, தளம் போட்ட நல்ல சாலை இந்தக் குன்றில் இல்லாமல் இல்லை. எல்லாம் கேட்டுக்கு உள்ளே இருக்கிறது.

கொலோலோவும் நகசெரோவும்கூடப் பணக்காரக் குன்றுகள்தானே, அங்கே அகலமான சாலைகள் இருக்கின்றனவே என்று கேட்கலாம். நியாயம்தான். ஆனால் அவை வெள்ளைக்காரர்கள் தாங்கள் குடியிருக்கத் திட்டம் போட்டு வகுத்தவை. அங்கே முதலில் சாலை வந்தது, பிறகு வீடு. முயெங்கா 1968-இல் நகர எல்லையை விரித்தபோதுதான் அதற்குள் வந்தது. இங்கே முதலில் மனை விற்றது, பிறகு மதில் எழும்பியது, மதிலுக்கும் மதிலுக்கும் நடுவே யாருக்கும் வேண்டாமல் மிஞ்சியதற்குத் தெரு என்று பெயர். இனி அகலப்படுத்தலாம் என்றால் நிலம் கேட்க வேண்டும். 1900-ஆம் ஆண்டு உடன்படிக்கையில் பிரிட்டிஷார் இந்தப் பகுதியின் ராஜ்யமான புகாண்டாவின் மன்னருக்கும் பிரபுக்களுக்கும் பிரித்துக் கொடுத்ததிலிருந்து இங்கே நிலம் என்பது சாதாரண விஷயமில்லை. 1995 அரசியல் சாசனமோ, உரிய இழப்பீட்டை முதலில் கொடு, அப்புறம் நிலத்தில் கால் வை என்கிறது. இழப்பீட்டுத் தகராறு நடக்கும்போதே வேலையைத் தொடங்க வழிசெய்யும் திருத்தத்தை 2017-இல் அரசு கொண்டுவரப் பார்த்தது. கிளம்பிய எதிர்ப்பில் அது நிறைவேறவில்லை. எதிர்த்தவர்களின் பயம் பொய்யுமல்ல, இழப்பீடு என்ற பெயரில் ஏமாந்தவர்கள் எல்லா நாட்டிலும் உண்டு. ஆனால் முயெங்காவில் அந்தச் சட்டம் காப்பது ஏழையின் வாழைத்தோட்டத்தை மட்டுமல்ல, தெருப்பக்கம் ஓரடி நகர்ந்து நிற்கிற மதிலையும்தான்.

நகராட்சியிடம் பணமில்லை என்பது அடுத்த சமாதானம். கம்பாலாவின் சுமார் 2,100 கிலோமீட்டர் சாலையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக்குத்தான் தார் என்பதைப் பார்த்தால் அதுவும் உண்மைதான். பணம் ஏன் இல்லை? 2005-ஆம் ஆண்டுச் சட்டப்படி, சொந்தக்காரரே குடியிருக்கும் வீட்டுக்குச் சொத்துவரி கிடையாது. ஏழைக்கு இரங்கிய சலுகைதான், ஆனால் தகரக்கூரைக்கும் எட்டு படுக்கையறைக்கும் சேர்த்தே இரங்கிவிட்டார்கள். வாடகைக்கு விட்டால் வரி, குடியிருந்தால் இல்லை. சாலைக்கு ஒரு ஷில்லிங் தராத பங்களாவில் உட்கார்ந்து சாலையைப் பற்றி அங்கலாய்ப்பதற்குத் தனி வரி போட்டிருந்தால் முயெங்காவுக்கு இந்நேரம் மேம்பாலமே வந்திருக்கும்.

கத்தினால் பலனே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. 2023 ஏப்ரலில் ஜிம்மி ஸ்பயர் செந்தோங்கோ என்ற கார்ட்டூனிஸ்ட் ட்விட்டரில் ‘கம்பாலா குழிக் கண்காட்சி’ தொடங்கினார். ஊரே தத்தம் தெருக்குழியைப் படம் பிடித்துக் காட்சிக்கு வைத்தது. அதிபர் முசேவேனி 600 கோடி ஷில்லிங் ஒதுக்கச் சொன்னார். நம் கணக்கில் சுமார் 13 கோடி ரூபாய். அத்தனை பெரிய நகரத்துக்குப் பூச்சு வேலைக்குத்தான் காணும். நிஜமான தார் வருவதற்கு விருந்தாளி வர வேண்டும். 2007-இல் காமன்வெல்த் மாநாட்டுக்கு எலிசபெத் ராணி வந்தபோது சாலைகள் பளபளத்தன. 2024 ஜனவரியில் அணிசேரா நாடுகளின் மாநாடு முன்யோன்யோவில் கூடியபோதும் தலைவர்கள் போகிற வழியில் குழிகள் அவசரமாக மூடப்பட்டன. முன்யோன்யோ இருப்பது முயெங்காவிலிருந்து சில கிலோமீட்டரில்தான். ஆனால் எந்த நாட்டு அதிபருக்கும் டாங்க் ஹில்லின் சந்துக்குள் நுழைய வேண்டிய அவசியம் வரவில்லை.