காது சும்மா கிடப்பவர்கள்

எங்கள் தூத்துக்குடிக்குச் சென்னையைவிடக் கொழும்புதான் பக்கம். இலங்கை வானொலியில் கே.எஸ்.ராஜா மூச்சு வாங்காமல் பேசினால், கடலுக்கு இந்தப் பக்கம் சலூனில் கத்தரி நிற்கும். அந்த நாளில் வானொலி நேயரைத் தேடிப் போனதாக நான் கேள்விப்பட்டதில்லை. நாங்கள்தான் முள்ளை மயிரிழை மயிரிழையாக நகர்த்தி, கரகரப்புக்குள் அவர்களைத் தேடிப் பிடித்தோம். மழைக்காலத்தில் ஏரியல் கம்பியைத் திருப்பிப் பிடிக்க மொட்டை மாடியில் ஒரு பையன் நிற்க வேண்டும். எங்கள் வீட்டில் அது நான். போதாததற்கு, ரேடியோ வைத்திருக்க அஞ்சலகத்தில் வருஷா வருஷம் லைசென்ஸ் பணம் வேறு.

இப்போது நானே ஒரு வானொலி நிலையம். படுக்கையறை மூலையில் ஒரு லேப்டாப், ஒரு மைக், எதிரொலி வராமல் இருக்கச் சுவரில் மாட்டிய பழைய ஜமுக்காளம். உலகத்தின் எந்த மூலையிலிருந்தும் கேட்கலாம். அடுத்த அறையிலிருக்கும் என் மனைவி கேட்பதில்லை. “பகல் பூரா கேக்குறது பத்தாதாக்கும்?” என்பது அவள் கட்சி. முதலில் நாட்டு நடப்புதான் பேசினேன். எத்தனை பேர் கேட்கிறார்கள் என்று திரையில் எண் வரும். அது நாளெல்லாம் ‘1’ என்றே நின்றது. விசாரித்தால் என் மைத்துனர். போனை ஓடவிட்டுத் தூங்கிப் போயிருந்தார். 1941-இல் தொடங்கிய பிபிசி தமிழோசையே 2017-இல் சிற்றலையை மூட்டை கட்டிவிட்டது, நான் எம்மாத்திரம் என்று தேற்றிக்கொண்டேன்.

இணையத்தில் பேச்சு வானொலியை ஆரம்பித்து வைத்தவர் அமெரிக்காவின் கார்ல் மலமுட். 1993-இல் தொடங்கி, ‘இன்டர்நெட் டாக் ரேடியோ’ என்றே பெயரும் வைத்தார். கணினிப் பொறியாளர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேட்டி. அரை மணி நேரப் பேச்சு ஏறத்தாழ 15 எம்.பி. வரும், அன்றைய வீட்டு மோடத்தில் இறக்க இரண்டு மணி நேரத்துக்கு மேலாகும். அப்படியும் ஆள் இருந்தது. இணையத்தைக் கட்டிக்கொண்டிருந்தவர்களிடமே அவர்கள் தொழிலைப் பேசினார் அல்லவா, காத்திருந்து கேட்டார்கள்.

இன்னொரு கூத்து உண்டு. கொழும்பு ஒலிபரப்புக் கோபுரத்துக்கு லட்சம் பேர் கேட்டாலும் ஒருத்தர் கேட்டாலும் கரண்ட் செலவு ஒன்றுதான். இணையத்தில் ஒவ்வொரு நேயருக்கும் சர்வர் தனித்தனியாக ஒலியை அனுப்ப வேண்டும். ஆள் கூடக் கூட வாடகையும் கூடும். ஆக, நேயர் குறைவாக இருப்பது என் நிலையத்தின் பொருளாதாரக் கொள்கை.

இருந்தாலும் நேயரைப் பிடிக்க எங்கள் தெரு டெய்லர்தான் வழி சொன்னார். “அண்ணாச்சி, எங்களுக்குக் கையும் காலும் மெஷின்ல, கண்ணு ஊசில. காது சும்மாதான கெடக்கு? எங்க பாட்டைப் பேசுங்களேன்.”

பேசினேன். நேரம் இரவு ஒன்பதரை. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு மிச்ச வேலை பார்க்கும் நேரம். அடியில் நூல் ஏன் சுருட்டுகிறது, அளவு பிளவுஸைக் கொடுத்துவிட்டு ‘இதைவிடக் கொஞ்சம் லூஸா, ஆனா ஃபிட்டிங்கா’ என்பவர்களை என்ன செய்வது, இப்படிப் போகும். லைனிங் துணியை நனைக்காமல் வெட்டலாமா என்ற விவாதம் ஒரு நாள் நள்ளிரவைத் தாண்டியது. திருப்பூர்க்காரரும் ஷார்ஜாக்காரரும் வாட்ஸ்அப் குரல் பதிவில் மல்லுக்கு நின்றார்கள். இரண்டு பேர் குரலுக்கும் பின்னால் மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது. நாட்டு நடப்புக்கு யாருக்கும் இப்படி ரத்தம் கொதிக்கக் காணோம்.

பாட்டுப் போடச் சொல்லிக் கேட்கிறார்கள். பாட்டுக்கு உரிமைக் கட்டணம் உண்டு, என் தொண்டைக்குக் கிடையாது. எனவே பேச்சு மட்டும்தான்.

நேயரைத் தக்கவைக்க வழி சொல்லும் வீடியோக்கள் மலிந்து கிடக்கின்றன. எனக்குப் பலித்தது நேயர் விருப்பத்தின் பழைய வித்தை. அன்று பாட்டைவிட நீளமாகப் பெயர்ப் பட்டியல் வாசிப்பார்கள். நம் ஊர் வருகிறதா என்று சோற்றில் கை வைத்தபடி உட்கார்ந்திருப்போம். நானும் கடைப் பெயரையும் ஊரையும் வாசிக்கிறேன். ஒரு கடையின் பெயரைச் சொன்னால், மறுநாளே அந்த ஊரின் போட்டிக் கடையும் வந்து சேர்ந்துவிடும்.

தீபாவளி நெருங்கினால் ஒலிபரப்பு விடிய விடிய நடக்கும். துணி தைக்கக் கொடுக்கிறவர்கள் புரட்டாசியிலேயே கொடுத்துவிடுங்கள். ஐப்பசியில் போய் ‘நாளைக்கே வேணும்’ என்று நின்றால், அன்றிரவு நேரலையில் பேசப்படும் விஷயம் நீங்கள்தான்.